புது வீட்டுக்கு வழி

"சாப்பிட்டியாடி வாலு ? வெயில்ல அலையாம நேரத்துக்கு பஸ் ஏறு .."

லேப்டாப் திரையில், மகளோடு பேசும் பெட்டியில் கடைசியாக இருந்த வரி இதுதான். கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விடுவது அவள் பழக்கம். முடிவில் ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி வைப்பதும் அவள் பழக்கம். ஒரு புள்ளி போதாதா என்று மகள் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆக, அவள் எழுதிய வரிதான். ஆனால் அது போன நேரத்தில் அவள் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய துண்டு இன்னும் ஈரமாகத் தலையிலேயே இருந்தது.

குளிக்கப் போகும் முன் அனுப்பியிருப்போம், மறந்துபோயிருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போன மாதம் வீடு மாறியதிலிருந்து அவளுக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று எல்லோரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷச் சாமான்களை ஒற்றை ஆளாகக் கட்டி, ஒற்றை ஆளாகப் பிரித்தாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, ஒரே மகள் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அந்த மகள், வாலு என்று அவள் கூப்பிடும் அந்தப் பெண், இன்று மாலை பஸ்ஸில் வருகிறாள். புது வீட்டை அவள் இன்னும் பார்க்கவில்லை. வீடியோவில் அம்மாவின் முகத்துக்குப் பின்னால் தெரிந்த சுவரும் ஜன்னலும்தான் அவளுக்குத் தெரிந்த புது வீடு.

வீட்டில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விட்டால் கட்டடமே காதைப் பொத்திக்கொண்டதுபோல் ஆகிவிடும். எங்கோ சரியாக மூடாத குழாய் ஒன்று சொட்டும், ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையிலிருந்து மெதுவாகச் சுவரில் ஏறும், அவ்வளவுதான். இன்றைக்கு அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்திருந்தது. எதையும் திறக்காமல் சும்மா இருந்த லேப்டாப்புக்குள் விசிறி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையை வைத்தால் சூடு தெரிந்தது, தூசி கருகுவது போன்ற ஒரு வாடையும் வந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து அவசர அவசரமாக வேலை பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் வேலையே அந்த லேப்டாப்பில்தான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்புவார்கள், இவள் அதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து கொடுப்பாள். தட்டும் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். அப்படிச் சொன்னால்தான் கை தப்பாது. சில டாக்டர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் பேசுவதால், பேச்சை நிதானமாக ஓட்டிக் காட்டும் ஒரு மென்பொருளை எங்கிருந்தோ ஓசியில் இறக்கிப் போட்டிருந்தாள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் நோகிறது, கையில் வேறு ஒரு திரை எதற்கு என்று போன் மட்டும் பழைய பட்டன் போன். ஆகவே மகளோடு பேச்சு, படம், வங்கி, மின்கட்டணம், எல்லாம் அந்த லேப்டாப் வழியாகத்தான்.

அப்போதுதான் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு கடிதத்தைப் பார்த்தாள். உங்கள் கணக்கில் புதிய கருவி ஒன்றிலிருந்து நுழைந்திருக்கிறார்கள், அது நீங்கள்தானா என்று கேட்டிருந்தது. அது முந்தாநாள் வந்த கடிதம். யாரோ திறந்து படித்து, படித்ததைக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

"எந்தக் கடங்காரன்டா நீ?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கத்தினாள். மளமளவென்று உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். மகளோடு பேசும் கணக்கு, மின்னஞ்சல், வங்கி, ஒன்று விடாமல். மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள். முடித்து நாற்காலியில் சாய்ந்தபோது பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

விசிறி சட்டென்று நின்றது. அறை அமைதியானது. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் திரும்பவும் கேட்டது.

பிறகு பேச்சுப் பெட்டியில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"வாலு , முந்தி அனுப்பின முகவரி தப்புடி . அந்த வழியா போனா சுத்து . இந்தப் படத்தைப் பாத்து வந்துடு .."

கூடவே ஒரு வரைபடம். அவள் அதைத் திறக்கக் கையை நீட்டுவதற்குள், பஸ்ஸிலிருந்து மகள் பதில் போட்டுவிட்டாள். "சரிம்மா! பசிக்குது, ஏதாவது செஞ்சு வை."

தூக்கிவாரிப் போட்டது. "நம்பாதே, இது நான் இல்லை" என்று தட்டினாள். போன வரி போன வேகத்தில் அழிந்தது. இன்னொரு தடவை தட்டினாள். அதுவும் அழிந்தது. மூன்றாவது தடவை பெட்டியே மூடிக்கொண்டது. பாஸ்வேர்ட் தவறு என்றது திரை. இப்போதுதான் மாற்றிய பாஸ்வேர்ட்.

பட்டன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்து, கடைசியில் பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"வாலு! அம்மா பேசுறேன்டி. நல்லாக் கேட்டுக்க..."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து மகள் அவளை 'நீ' என்றுதான் சொல்வாள். ஒரே ஒரு நாள்கூட 'நீங்க' சொன்னதில்லை.

"என்னடி உளறுற? நான்டி, அம்மா!"

"எங்கம்மா காலையிலயே சொல்லிட்டாங்க. போன் தொலைஞ்சுபோச்சு, எடுத்தவங்க என் குரல்லயே பேசுவாங்க, அழுதுகூடப் பேசுவாங்க, ஏமாந்துடாதன்னு."

"ஐயோ கண்ணு, அது நான் சொல்லலடி. உன் முழங்கால் தழும்பு... நீ சைக்கிள்லேர்ந்து விழுந்து, அப்பாகிட்ட சொல்லாதன்னு என் காலைப் புடிச்சு..."

"தழும்பைத்தான் முதல்ல சொல்வாங்கன்னும் சொன்னாங்க." மகளின் குரல் நடுங்கியது. "எனக்கு பயமா இருக்கு. தயவுசெஞ்சு வைங்க."

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள், போகவில்லை. மகள் அவள் எண்ணைத் தடுத்துவிட்டாள். தான் பெற்ற பிள்ளை தன் குரலைக் கேட்டு நடுங்குகிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படி இறங்கி ஓடினாள்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை இருந்தது. கடைக்காரனை ஊரே மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். "என்னக்கா, குழந்தைக்குக் காய்ச்சலா?" என்று லேப்டாப்பைக் கையில் வாங்கியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவள் சொல்லச் சொல்ல, முதல் வேலையாக இணைய இணைப்பைத் துண்டித்தான். பிறகு தன் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டான். "வேற நம்பர்லேர்ந்தும் வருவாங்கன்னு அம்மா சொன்னாங்க" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

"தம்பி, எப்படிடா இது?"

"நீங்க இறக்குனீங்களே, பேச்சை மெதுவா ஓட்டுற சாப்ட்வேர், அது கூடவே ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இது கம்ப்யூட்டரைக் கெடுக்குற ரகம் இல்லக்கா. ஒண்ணையும் உடைக்காது. மூலையில உக்காந்து எடுத்து எடுத்து வெளிய அனுப்பிக்கிட்டே இருக்கும். சேமிச்ச பாஸ்வேர்ட், நீங்க தட்டுற எழுத்து, திரையில தெரியுறது, எல்லாம். நீங்க ஒருதடவை கணக்குக்குள்ள போயிட்டா, இவங்க ஏற்கனவே வந்தவங்கன்னு ஒரு அனுமதிச் சீட்டு உள்ளயே கிடக்கும். அதைத் தூக்கிட்டா பாஸ்வேர்டே தேவையில்ல."

"நான்தான் மத்தியானமே எல்லாத்தையும் மாத்திட்டேனே!"

மெக்கானிக்கின் கை நின்றது. "எதுலேர்ந்து மாத்துனீங்க?"

"இதுலேர்ந்துதான். எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும். "பூட்டை மாத்துறேன்னு திருடன் கையில புதுச் சாவியக் குடுத்துட்டீங்கக்கா. முதல்ல இதை ஒழிச்சுட்டு, அப்புறம் வேற சுத்தமான மெஷின்லேர்ந்து மாத்தியிருக்கணும்" என்றான் மெதுவாக.

வெளியே அனுப்புவதற்காக அது சேர்த்து வைத்திருந்த கோப்புகளைக் கண்டுபிடித்துத் திறந்தான். படங்கள். அத்தனையிலும் அவள்தான். கொட்டாவி விடுகிறாள், சோறு அள்ளி வாயில் வைக்கிறாள், மகளோடு பேசிச் சிரிக்கிறாள், யாருமில்லாதபோது கண்ணைத் துடைக்கிறாள். பின்னால் எப்போதும் அதே சுவர், அதே ஜன்னல், ஓரத்தில் பாதி தெரியும் அதே அலமாரி. இன்னொரு பக்கம் குரல்கள். அவள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டிய சொற்கள் மலைபோல் குவிந்திருந்தன. எல்லாம் அவள் குடிவந்த வாரத்திலிருந்து.

கடைசியில் இருந்த சில படங்களை மெக்கானிக் கவனிக்காமல் தள்ளிக்கொண்டு போனான். அவள் கவனித்தாள். அவற்றில் இருந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் சரியான அளவு. அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. யாரோ பழகிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"வங்கியில கைய வச்சிருக்கானா?"

"இல்லக்கா. அதான் எனக்கும் பிடிபடல. எடுத்தவன் அங்கதானே முதல்ல போவான். இவன் உங்க பொண்ணுகிட்ட மட்டும்தான் போயிருக்கான்."

"அழிச்சுடு தம்பி. ஒண்ணு மிச்சம் வைக்காத. அந்தக் கேமராவையும் மைக்கையும் புடுங்கிடு. இனிமே அது என்னைப் பாக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது."

அவன் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டான். திருகுகளைக் கழற்றி, கேமரா, மைக் இரண்டின் வயர்களையும் பிடுங்கி எடுத்தான். தன் மெஷினிலிருந்து அவளுக்குப் புது மின்னஞ்சல் ஒன்று எடுத்து லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான், கணக்கு பறிபோய்விட்டது, பதிலை அங்கே அனுப்பி மீட்டுத் தாருங்கள் என்று அவள் பேரில் விண்ணப்பம் போட்டான். பதில் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு, அழிக்கும் முன் எடுத்து வைத்த மகளின் போட்டோ ஒன்றைத் தன் போனில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். "நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். இறங்குனதும் கையோட கூட்டிட்டு வரேன். நீங்க வீட்லயே இருங்க. ஒருவேளை நீங்க முதல்ல குடுத்த முகவரிக்கே வந்துட்டா வாசல்ல ஆள் வேணுமில்ல?"

வீட்டுக்கு வந்து அதே மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். கம்பி நிழல்கள் சுவரில் உச்சி வரை ஏறிக் கரைந்துகொண்டிருந்தன. விளக்கைப் போடத் தோன்றவில்லை. படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டால் எழுந்து ஓடினாள், அது மேல்வீட்டுக்காரர். திரும்ப வந்து உட்கார்ந்தாள். லேப்டாப் இப்போது சத்தமே இல்லாமல் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

பட்டன் போன் அடித்தது.

"அக்கா, பஸ் வந்துடுச்சு. பாப்பா இல்ல. முந்தின ஸ்டாப்புலயே இறங்கிடுச்சாம். அம்மா இங்க இறங்கச் சொன்னாங்கன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிச்சாம். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்றேன், நீங்க தைரியமா..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் லேப்டாப் திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. உங்கள் கணக்கு மீட்கப்பட்டது. மற்ற எல்லாக் கருவிகளும் வெளியேற்றப்பட்டன.

அவள் அழுதே விட்டாள். உள்ளே போனாள். அவளுடைய பெட்டி, அவளுடைய பெயர், வேறு யாரும் இல்லை. அவள் எழுதாத வரிகள் வரிசையாக இருந்தன. கேலி, கொஞ்சல், செல்லத் திட்டு, அத்தனையும் அவள் வாயிலிருந்து வருவது போலவே. சில வரிகள் அவள் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாக இருந்தன. அந்த வரைபடமும் இருந்தது. முகவரியைப் போனில் அவனுக்குப் படித்துச் சொன்னாள்.

"அந்த ரோடா?" மெக்கானிக்கின் குரல் மாறியது. "அங்க வீடே கிடையாதேக்கா. கட்டிப் பாதியில விட்ட கட்டடங்கதான். நான் ஊருக்கு இந்தக் கோடியில இருக்கேன். வரேன், இதோ போயிடறேன்."

போனை வைத்ததும் லேப்டாப் மணி அடித்தது. மகள். வீடியோ.

அவள் பாய்ந்து எடுத்தாள். திரை முழுக்க மகளின் முகம். வேர்வை, தோளில் பை, வாய் நிறையச் சிரிப்பு.

"அம்மா, உன் முகமே தெரியல, இருட்டா இருக்கு. சரி விடு, வந்துட்டேன். மாடி ஏறிட்டிருக்கேன்."

"போகாதடி! திரும்பி ஓடு! வாலு!"

தொண்டை கிழியக் கத்தினாள். மகளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. மைக் இல்லை. பிடுங்கச் சொன்னது அவளேதான்.

"என்னம்மா இது, படிக்குப் பூச்சுகூடப் பூசல. லைட்டும் இல்ல. இதுக்கா இவ்ளோ பெருமை அடிச்சுக்கிட்ட?" காலடிச் சத்தம் வெற்றுச் சுவர்களில் மோதி மோதி வந்தது.

தட்டினாள். "உள்ளே போகாதே அது நம்ம வீடு இல்லை ஓடு"

மகள் நின்றாள். படித்தாள். புருவம் சுருங்கியது. திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் திரும்பி இறங்கிவிடுவாள் என்றே தோன்றியது.

உள்ளிருந்து வெளிச்சம் விழுந்தது.

மகள் போனைத் திருப்பினாள். வெறும் சிமெண்ட். தரை சிமெண்ட், கூரை சிமெண்ட், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். நடுவில் மட்டும் ஒரு துண்டு வீடு. சுவர். ஜன்னல். அலமாரி பாதி, கத்தியால் வெட்டியதுபோல் பாதியிலேயே நின்றிருந்தது. மேஜை. மேஜைக்குப் பின்னால் அவள்.

இன்றைக்கு உடுத்திய அதே புடவை. ஈரம் உலராத அதே தலை. முன்னால் ஒரு லேப்டாப்.

"அட! எதிர்ல உக்காந்துக்கிட்டே டைப் பண்ணி பயமுறுத்துறியா? நல்ல ஆளும்மா நீ!" மகள் சிரித்துவிட்டாள்.

தட்டினாள். அது நான் இல்லை. அது நான் இல்லை. அது நான் இல்லை. மகளின் கையில் போன் டிங் டிங்கென்று அடித்தது. "போதும்மா, போதும்!" போனை எதிலோ சாய்த்து வைத்தாள். பையைக் கீழே போட்டாள். மேஜையைச் சுற்றி நடந்தாள்.

உட்கார்ந்திருந்தது மகளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தது. நேராக. சிரித்தது. சரியான அளவு.

மகள் பின்னால் போனாள், கழுத்தைக் கட்டிக்கொள்ள. கைகள் உயர்ந்தன. பாதியில் நின்றன.

இத்தனை நாளும் கேமரா அவளுக்கு எதிரில்தான் இருந்தது. அவள் முதுகை அது ஒருநாளும் பார்த்ததில்லை.

இருட்டறையில் அவள் திரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. அதன் தோளுக்கு மேலே, குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது.